பட்டாளத்துத் தாத்தாவின் மெடலிலிருந்து குடும்ப வரலாறு: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் பல வீடுகளில் "எங்க தாத்தா பட்டாளத்துல இருந்தாரு" என்ற ஒரு வரியோடு கதை முடிந்துவிடும். எந்தப் படை, எந்த நாடு, எப்போது திரும்பினார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஆனால் பீரோ லாக்கரிலோ சாமி மாடத்திலோ ஒரு மெடல் இருக்கும். அதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம், எங்கே வழி அடைபடும், அடைபட்டால் எந்தச் சந்தில் திரும்பலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலிலேயே ஒன்று. வீடுகளில் இருக்கும் மெடல்களில் பெரும்பாலானவை வீரச் செயலுக்காகத் தந்தவை அல்ல. குறிப்பிட்ட போர்முனையில், குறிப்பிட்ட காலத்தில் பணியில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தவை. இதைக் கேட்டுச் சில வீட்டுப் பெரியவர்கள் முகம் சுருங்கும். சுருங்க வேண்டியதில்லை. தாத்தா எந்த ஆண்டுகளில் எந்த நாட்டில் இருந்தார் என்பதை இந்தச் சாதாரண மெடல்தான் சொல்லும். குடும்ப வரலாற்றுக்கு அதுதான் வேண்டும்.

முதல் வேலை: தேய்க்காமல் படிப்பது

புளியையும் சபீனாவையும் தள்ளி வையுங்கள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பளபளவென்று தேய்த்து, குங்குமம் வைத்த மெடல்களில் விளிம்பு எழுத்தெல்லாம் மழுங்கிப்போயிருக்கும். நமக்கு வேண்டிய விஷயம் முழுக்க அந்த விளிம்பில்தான் இருக்கிறது. வட்ட வடிவ மெடல் என்றால் அதன் கனத்தில், ரூபாய் நாணயத்தில் வரி வரியாக இருக்கும் இடத்தில், பெயர் பொறித்திருக்கும். முதல் உலகப் போரின் நட்சத்திர வடிவ மெடல் என்றால் பின்பக்கம் பாருங்கள்.

இருட்டு அறையில் உட்கார்ந்து, செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பும். மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் படம் எடுங்கள். தெரியாத எழுத்தை ஊகித்து எழுதாமல் புள்ளி வைத்து விடுங்கள். பிறகு பட்டியலோடு ஒப்பிடும்போது அந்தப் புள்ளி உங்களைக் காப்பாற்றும்.

ஒரு மாதிரிக்கு விளிம்பில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 3417, எஸ்-பி-ஆர், முனிசாமி, 2 கியூ-வி-ஓ எஸ் அண்ட் எம். முதலில் இருப்பது படை எண். எஸ்-பி-ஆர் என்றால் சாப்பர், அதாவது பாலம் கட்டும், கண்ணிவெடி வைக்கும், பாதை போடும் பொறியியல் படையின் சிப்பாய். கடைசியில் இருப்பது இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ்தான். இந்தப் பெயர் 1911-க்குப் பிறகு வந்து 1923-இல் மாறியது. ஆக, மெடல் எந்தப் போருக்கானது என்று பார்ப்பதற்கு முன்பே காலம் கிடைத்துவிட்டது.

மற்ற சுருக்கங்களையும் இதே மாதிரி பிரிக்கலாம். எஸ்-இ-பி சிப்பாய், என்-கே நாயக், ஹெச்-ஏ-வி ஹவில்தார், ஜே-இ-எம் ஜமேதார், டி-வி-ஆர் டிரைவர். டிரைவர் என்றதும் லாரி என்று நினைக்காதீர்கள். முதல் போரில் பெரும்பாலும் கோவேறு கழுதையும் மாட்டு வண்டியும் ஓட்டியவர்கள். சமையல்காரர், சலவைக்காரர், பிஸ்தி என்ற தண்ணீர் சுமப்பவர், துப்புரவாளர் என்று எழுதியிருந்தால் அவர் 'ஃபாலோயர்' என்ற பிரிவில் படையோடு போனவர். சில குடும்பங்கள் இதை மறைத்து 'சுபேதார்' ஆக்கிவிடுகின்றன. மறைக்க இதில் ஒன்றுமே இல்லை. மெசபடோமியாவின், அதாவது இன்றைய ஈராக்கின், வெயிலிலும் காலராவிலும் அவர்களும்தான் இருந்தார்கள்.

இரண்டாவது: எந்த மெடல் என்று கண்டுபிடிப்பது

முதல் உலகப் போர் என்றால் மூன்று மெடல்களில் ஒன்று இருக்கும். வெண்கல நட்சத்திரம் 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போனவர்களுக்கு. அதில் 1914-15 என்றில்லாமல் 1914 என்று இருந்தால் அந்த ஆண்டே பிரான்ஸ், பெல்ஜியம் போனவர். சிறகு விரித்த பெண் உருவமும் வானவில் நிற ரிப்பனும் உள்ள வெண்கல வட்டம் விக்டரி மெடல். ஐந்தாம் ஜார்ஜ் தலையும் பின்பக்கம் குதிரை வீரனும் உள்ளது பிரிட்டிஷ் வார் மெடல். இது வெள்ளி, ஏறக்குறைய ஒரு அவுன்ஸ்.

வெள்ளி என்பதால்தான் பல வீடுகளில் விக்டரி மெடல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஜோடியில் வெள்ளி மட்டும் இல்லையென்றால் அது சௌகார்பேட்டை சேட்டுக் கடைக்குப் போயிருக்கும், இல்லை பேத்தியின் கொலுசாகியிருக்கும். அந்த ஒரு மெடலை வைத்தே தேடலாம், எண்ணும் பெயரும் இரண்டிலும் ஒன்றுதான்.

பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளியில் இல்லாமல் வெண்கலத்தில் இருந்தால் உடனே கவனியுங்கள். தொழிலாளர் படைகளுக்குத் தந்த வடிவம் அது. துறைமுகத்தில் சரக்கு இறக்க, ரயில் பாதை போட, காடு வெட்ட ஆள் எடுத்துக் கடல் கடந்து கொண்டுபோன காலம். 1900 சீனப் போருக்கான மெடலிலும் இப்படி வெண்கல வகை உண்டு. மெட்ராஸ் சாப்பர்கள் அங்கேயும் போனார்கள்.

இரண்டு போருக்கும் இடைப்பட்ட சண்டைகளுக்குத் தந்தது இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடல். இதில் ரிப்பன் மேல் குத்தியிருக்கும் பட்டைதான் முக்கியம். கிளாஸ்ப் என்பார்கள். 'வஜிரிஸ்தான்' என்றிருந்தால் வடமேற்கு எல்லை, 'பர்மா 1930-32' என்றால் பர்மா கிளர்ச்சி, 'மலபார் 1921-22' என்றால் மாப்பிள்ளைக் கிளர்ச்சியை அடக்கப் போன படை. கடைசியாகச் சொன்னது கிடைத்தால் வீட்டில் எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொள்ள முடியாமல் போகலாம். வரலாறு என்று இறங்கிவிட்டால் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் ஆறு முனை நட்சத்திரங்கள் வரிசையாக வரும். 1939-45 ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார், பர்மா ஸ்டார். வடசென்னை வீடுகளில் எதிர்பார்க்க வேண்டியது பர்மா ஸ்டார்தான். கருநீலத்தில் நடுவே அகலமான சிவப்பும் இரு பக்கமும் ஆரஞ்சுக் கோடுமாக ரிப்பன் இருக்கும். வட்ட மெடலில் இந்திய வரைபடம் புடைத்திருந்தால் அது இந்தியா சர்வீஸ் மெடல். மூன்று ஆண்டுகள் இந்தியாவுக்குள் பணியாற்றியதற்கானது. பிரிட்டிஷ்காரர்களுக்குத் தந்த இந்தப் போரின் மெடல்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்தியப் படையினருக்குத் தந்த பலவற்றில் பொறித்திருக்கிறார்கள். அதனால் 'இந்தப் போர் மெடலில் பெயர் இருக்காது' என்று எங்காவது படித்துவிட்டுப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவை எளிது. காவி, வெள்ளை, பச்சை ரிப்பனில் 1947 சுதந்திர மெடல், 1965-க்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல், 1971-க்குப் பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல். பூர்வி என்றால் வங்கதேசப் பக்கம், பஸ்சிமி என்றால் பாகிஸ்தான் எல்லைப் பக்கம்.

மூன்றாவது: வீட்டுக் கதையை மெடலோடு ஒட்டிப் பார்ப்பது

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. வடசென்னையில் 'தாத்தா எம்டனோட சண்டை போட்டு வாங்கின மெடல்' என்ற கதைக்குப் பஞ்சமே இல்லை. விக்டரி மெடலும் நட்சத்திரமும் போர்முனைக்குப் போனவர்களுக்கு மட்டும் தந்தவை. சென்னையில் இருந்ததற்காக அவை கிடைக்காது. எம்டன் கதை பொய் என்றாகாது, அந்த இரவு அவர் இங்கே இருந்திருக்கலாம். ஆனால் மெடலுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, பாஸ்ராவிலோ கிழக்கு ஆப்பிரிக்காவிலோ.

இன்னொரு சோதனை. 'முப்பதுகளில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார்' என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். சென்னை மாகாணத்தார் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்ற 'மார்ஷியல் ரேஸ்' கொள்கையால் தமிழர் காலாட்படைகளைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் அந்தக் கொள்கையின் பெரிய பிரசாரகர். கர்நாடிக் காலாட்படைகளைச் சேர்த்து உருவாக்கிய மூன்றாவது மெட்ராஸ் ரெஜிமெண்டும் 1920-களின் முடிவில் கலைக்கப்பட்டது, பாதை போடும் காலாட்படையான மெட்ராஸ் பயனியர்ஸ் 1933-இல். இரண்டாம் போரில் ஆள் தேவைப்பட்டதும்தான் மெட்ராஸ் ரெஜிமெண்டை மீண்டும் எழுப்பினார்கள். நடுவில் டெரிட்டோரியல் எனப்படும் பகுதி நேரப் படைகள் தவிர மிச்சமிருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ். 'தம்பி' என்றே அழைக்கப்பட்ட அந்தப் படையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தாரும் கிறிஸ்தவர்களும் நிறைய. முதல் போர்க்காலத்துப் புளியந்தோப்பு, வியாசர்பாடிக் குடும்பங்கள் சாப்பர்ஸிலும் பயனியர்ஸிலும் முதலில் தேடுவது நல்லது.

நான்காவது: ஆவணங்கள்

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தொடங்குங்கள். இலவசம். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்த படையினர் அதில் அடக்கம். இரண்டாம் போர்ப் பதிவுகளில் பல இடங்களில் 'இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், தண்டையார்பேட்டை, மெட்ராஸ்' என்ற அளவுக்கு விவரம் இருக்கும். வீட்டிலேயே யாருக்கும் தெரியாத பாட்டியின் பெயர் அங்கே கிடைக்கலாம். பர்மாவில் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் தவுக்கியான் கல்லறையில் உள்ள ரங்கூன் நினைவிடத்தில் இருக்கின்றன. நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர்க் கல்லறைக்கு ஒரு நடை போய்வரலாம். அங்கே இருக்கும் முதல் போர் நினைவுச் சின்னத்தில் 1,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு.

உயிரோடு திரும்பியவர் என்றால் பாதை கரடுமுரடு. லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ-ஓ 372 என்ற வரிசையில் முதல் போர் மெடல் அட்டைகள் உள்ளன, இணையத்தில் பெயர் தேடலாம். ஆனால் அது முதன்மையாகப் பிரிட்டிஷ் படைக்கானது. இந்தியப் படையில் அதிகாரிகள் கிடைப்பார்கள், சிப்பாய்கள் கிடைப்பது அரிது. கிடைக்கவில்லை என்றால் தாத்தா போகவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய போர்களின் மெடல் பட்டியல்கள் அதே காப்பகத்தின் டபிள்யூ-ஓ 100 வரிசையிலும், பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் எல்-மில்-5 வரிசையிலும் உண்டு.

வீரப் பதக்கமாக இருந்தால் அது தனி யோகம். இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட், 1907-இல் தொடங்கிய இந்தியன் டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் மெடல் போன்றவை அரசிதழில் அறிவிக்கப்பட்டவை. லண்டன் கெஸட் இணையத்தில் இலவசம். மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்ரமணியன் 1944-இல் இத்தாலியில் கண்ணிவெடியின் மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி இறந்து, ஜார்ஜ் கிராஸ் பெற்றது அப்படிப் பதிவானதுதான்.

டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் ராணுவத் துறைக் கோப்புகள் பல படமாகவே கிடைக்கின்றன. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் நமக்கு ஒரு பஸ் தூரம். மாகாண ராணுவத் துறையின் பழைய கோப்புகளும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஸட்டும் அங்கே பார்க்க வேண்டியவை. தனி ஆளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தர முடியாது. துறை, ஆண்டு, பொருள் என்று சொன்னால்தான் நகரும். அதனால் படைப் பெயரையும் ஆண்டையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஆராய்ச்சி அனுமதிக் கடிதம், அடையாள அட்டை எல்லாம் என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். லாகூர் அருங்காட்சியகத்தில் கிடைத்த முதல் போர்ப் பதிவேடுகளிலிருந்து பஞ்சாப் சிப்பாய்கள் லட்சக்கணக்கானோர் பெயர் ஊர் வாரியாக இணையத்துக்கு வந்திருக்கிறது. நமக்கும் அப்படி இருக்கும் என்று தேடிச் சோர்ந்து போகாதீர்கள். அது பஞ்சாபுக்கானது.

பெயர்தான் பெரிய தலைவலி

மெடலில் இருப்பது முனிசாமி என்று ஒற்றைப் பெயர். அப்பா பெயர் கிடையாது, இனிஷியல் கிடையாது. அந்த முனிசாமியை அன்றைய கிளார்க் மூனிசாமி, முனுசாமி, மூனூஸ்வாமி என்று இஷ்டத்துக்கு எழுதியிருப்பார். சாமி என்பதில் 'ஸ்வாமி'யும் 'சாமி'யும் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக வரும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் வீட்டில் அழைத்த பெயரும் ஞானஸ்நானப் பெயரும் வேறு. சேரும்போது எது எழுதினாரோ அதுதான் மெடலில் இருக்கும்.

அதனால் பெயரை விட எண்ணை நம்புங்கள். ஆனால் எண் ஒரு படைக்குள்தான் தனித்தது. 3417 என்ற எண் சாப்பர்ஸிலும் இருக்கும், பயனியர்ஸிலும் இருக்கும். எண்ணும் படையும் ஒன்றாகப் பொருந்தினால்தான் அது நம்ம ஆள்.

ஐந்தாவது: ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுவது

இந்தியப் படையினர் பற்றிய உண்மையான புதையல், அந்தந்தப் படையின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் இந்த ரெக்கார்ட் ஆபீஸில்தான். ஷீட் ரோல் எனப்படும் பணிப் பதிவில் அப்பா பெயர், கிராமம், தாலுகா, சாதி, உயரம், அங்க அடையாளம், நெருங்கிய உறவினர் எல்லாம் இருக்கும். செங்கல்பட்டிலோ திருவள்ளூரிலோ வடஆற்காட்டிலோ குடும்பம் கிளம்பிய ஊர் எது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு அந்த ஒரு தாள் போதும்.

மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். ஆர்மி சர்வீஸ் கோர், பயனியர் கோர் இரண்டும் பெங்களூர். ஆயுதக் கிடங்குப் பிரிவான ஆர்டினன்ஸ், இயந்திரப் பழுது பார்க்கும் இ.எம்.இ. என்றால் செகந்திராபாத், பீரங்கிப் படை நாசிக், சிக்னல்ஸ் ஜபல்பூர், மருத்துவப் படை லக்னோ. கடற்படை மாலுமி என்றால் மும்பை மான்குர்ட், விமானப்படை என்றால் டெல்லி சுப்ரதோ பார்க்.

கடிதத்தில் உணர்ச்சி வேண்டாம். எண், பதவி, பெயர், படை, தோராயமான ஆண்டு, உங்களுக்கு என்ன உறவு என்பதைத் தெளிவாக எழுதுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகலும் மெடல் விளிம்பின் படமும் இணையுங்கள். இறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் அவர் இறந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறதோ அந்த மாநகராட்சி அலுவலகத்தில், அதாவது தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் ஒன்றில் கேட்க வேண்டும். வழி தெரியாமல் நின்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சாதாரணக் கடிதத்துக்குப் பதில் இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது மறுத்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் கோப்புகளை 25 ஆண்டுகள் கழித்து அழித்துவிடுவது வழக்கம். அதனால் 'பதிவுகள் இல்லை' என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாமல் 'லாங் ரோல்' பதிவேட்டில் உள்ள விவரத்தைக் கேளுங்கள். கோப்பு அழிந்தாலும் அந்தப் பதிவேட்டை வைத்திருப்பார்கள். முதல் மனுவிலேயே அந்த வார்த்தையை எழுதிவிடுவது இன்னும் நல்லது.

ரயில்வே வீடுகள், கப்பல் வீடுகள், பர்மா வீடுகள்

பெரம்பூர், ராயபுரம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு வழி வேறு. ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே ரைபிள்ஸ் போன்ற துணைப்படைகளில் இருந்தவர்கள் நிறைய. அவர்களின் மெடல் நீண்ட கால சேவைக்கானதாக இருக்கும். இவர்களுக்குப் பிரிட்டிஷ் லைப்ரரியின் என்-2 வரிசையில் சென்னை மாகாண ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் இருப்பது பெரிய வரம். ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தேடல் பக்கமும் இலவசம். கூடவே ராயபுரம் புனித பேதுரு ஆலயப் பதிவேடு, பழைய வண்ணாரப்பேட்டை செயின்ட் ராக்ஸ் கல்லறை, காசிமேடு கல்லறை ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கப்பலில் லஸ்கராக, அதாவது மாலுமியாக, போனவர்களுக்கு முதல் போரில் மெர்கன்டைல் மரைன் வார் மெடல் உண்டு. அதன் அட்டைகள் கியூவில் பி-டி 351 வரிசையில். கடலில் இறந்த இந்திய மாலுமிகள் இரண்டாம் போரில் பம்பாய், சிட்டகாங் நினைவிடங்களில் பதிவானவர்கள். சென்னை என்று தேடிக் கிடைக்காதவரை அங்கே தேடுங்கள்.

வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் நேதாஜியின் படையில் இருந்த தாத்தாக்கள் உண்டு. அவர்களுக்குப் பிரிட்டிஷ் மெடல் இருக்காது. இருந்தால் அது பிரிட்டிஷ் படையில் இருந்து ஜப்பானியரிடம் சரணடைவதற்கு முந்தைய பணிக்கானது. அந்த வீடுகளில் தேட வேண்டியது 1972-இல் தியாகிகளுக்கு வழங்கிய தாமிரப் பட்டயமும் தியாகி பென்ஷன் ஆணையும்தான்.

மெடலே இல்லையென்றால்

அதற்காக உட்கார்ந்துவிட வேண்டாம். டிஸ்சார்ஜ் சான்றிதழ், பாட்டியின் குடும்ப பென்ஷன் புத்தகம், பி.பி.ஓ. எனப்படும் பென்ஷன் ஆணை எண் இவற்றில் ஒன்று இருந்தாலும் படை எண்ணும் படையும் கிடைக்கும். பழம்பொருள் கடையில் அதே மாதிரி மெடல் வாங்கி மாட்டிக்கொள்வதைத் தவிருங்கள். இரண்டு தலைமுறை கழித்து உங்கள் பேரன் அதில் இருக்கும் யாரோ ஒருவரின் பெயரைத் தாத்தா என்று நம்பித் தேடுவான். கையில் இருக்கும் அசல் நூறு வயதைத் தாண்டியது என்றால் விற்பதற்காக வெளிநாட்டுக்கு அனுப்பவும் நினைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டம் குறுக்கே வரும்.

சீருடைப் படம் இருந்தால் லென்ஸ் வைத்துத் தோள்பட்டையைப் பாருங்கள், படையின் பெயர் உலோக எழுத்தில் இருக்கும். உயரமான, தொப்பி வடிவத் தலைப்பாகை அணிந்திருந்தால் மெட்ராஸ் சாப்பராக இருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு டூப்டா என்று பெயர். அப்புறம் சட்டத்தைப் பிரித்துப் படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரையில் பெங்களூரா, ரங்கூனா, பாஸ்ராவா என்று ஊர் பெயர் இருந்தால் அடுத்த கடிதம் எந்த ரெக்கார்ட் ஆபீஸுக்கு என்பது முடிவாகிவிடும்.